கருவி வந்தது; உலகம் வந்ததா?

செப்டம்பர் 17 நெருங்குகிறது என்றால், தோழர்களின் கைப்பேசிகளிலே ஒரு செய்தி வலம் வரத் தொடங்கிவிடும். "அன்றே சொன்னார் அய்யா!" என்பது அதன் தலைப்பு. கம்பியின்றிப் பேசும் கருவியை மனிதன் சட்டைப்பையிலே சுமந்து திரிவான். தொலைவிலே இருப்போர் ஒருவர் முகத்தை ஒருவர் கண்டு உரையாடுவர் என்று 'இனி வரும் உலகம்' என்னும் சிறு நூலிலே பெரியார் எழுதியதை அச்செய்தி எடுத்துச் சொல்லும். படிக்கிறோம், பூரிக்கிறோம், பத்துப் பேருக்கு அனுப்புகிறோம். அதோடு முடிந்தது, அவ்வாண்டின் விழா!

பூரிப்பதிலே தவறில்லை. அந்நூல் வெளிவந்தது 1940-களிலே. தொலைபேசி என்பது மாளிகைகளுக்கும் அரசு அலுவலகங்களுக்கும் மட்டுமே உரிய அணிகலனாக இருந்த காலம் அது. பட்டம் எதுவும் பெறாத ஈரோட்டு வணிகர் ஒருவர், சிந்தனை ஒன்றையே துணையாகக் கொண்டு அவ்வளவு தொலைவு நோக்கினார் என்றால், நெஞ்சு நிமிராதா நமக்கு? நிமிரத்தான் செய்யும்.

ஆயினும், ஒன்று கேட்கிறோம். அந்தச் சிறு நூலை முதல் வரி தொடங்கி இறுதி வரி வரை படித்தோர் நம்மிலே எத்தனை பேர்? ஒரே அமர்விலே படித்து முடித்துவிடத்தக்க நூல்தான். எனினும், கருவியைச் சொன்ன இடத்தை மட்டும் கத்தரித்து எடுத்துக்கொண்டு, உலகத்தைச் சொன்ன பக்கங்களை அப்படியே அலமாரியிலே விட்டுவிட்டோமோ என்னும் ஐயம் எழுகிறது. கைப்பேசி நம் வாழ்வை உயர்த்தியிருக்கிறதா, நம்மை அறிவிலே வளர்த்திருக்கிறதா என்று இன்று ஊரெல்லாம் நடக்கும் வழக்கிலே, தீர்ப்புக்கு வேண்டிய அளவுகோல் அந்தப் பக்கங்களிலேதான் இருக்கிறது என்பது நமது கருத்து. அந்த அளவுகோலை எடுத்து அளந்து பார்ப்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

* * *

'இனி வரும் உலகம்' சோதிட நூல் அன்று. 'இன்ன ஆண்டில் இன்ன கருவி வரும்' என்று கட்டம் போட்டுக் கணித்த நூல் அன்று. பழமையிலேயே உலகின் நிறைவைக் காண்போர் ஒரு புறம். நேற்றை விட இன்று மேல், இன்றை விட நாளை மேல் என்று ஆராய்வோர் மறுபுறம். இரண்டாம் வகையினரே உலகை நடத்திச் செல்கின்றனர் என்று வாதிடும் நூல் அது. அந்த வாதத்துக்குச் சான்றாகவே கருவிகள் அங்கே வருகின்றன.

எத்தகைய உலகத்திலே வருகின்றன? உழைப்பு ஒருவனுக்கும் ஓய்வு இன்னொருவனுக்கும் என்னும் பிரிவினை ஒழிந்த உலகத்திலே. உடலை வாட்டும் வேலையின் பளுவை இயந்திரம் ஏற்றுக்கொள்ள, மனிதனுக்கு நாளொன்றுக்குச் சிறிது நேர உழைப்பே போதும் என்றாகிவிட்ட உலகத்திலே. ஆணுக்குப் பெண் அடிமை என்னும் நிலை அற்றுப்போன உலகத்திலே. ஓரிடத்திலிருந்தே பலருக்கும் கல்வி புகட்டும் வசதி வந்துவிட்ட உலகத்திலே. அங்கே, சட்டைப்பைக் கருவி ஒரு சிறு பொருள். அது தங்கியிருக்கும் வாழ்வே பெரும் பொருள்.

ஆகவே, 'கருவி வந்துவிட்டது, பெரியார் வென்றார்' என்று முழங்குவது, திருமணப் பந்தலிலே வாழைமரம் கட்டியதைக் கண்டு 'மணம் முடிந்தது' என்று கைதட்டுவது போன்றது. மணமக்கள் வந்தனரா என்று பார்க்கவேண்டாமா?

* * *

கருவி வந்த கதையை முதலிலே சுருங்கக் காண்போம். 1973 ஏப்ரல் 3 அன்று, நியூயார்க் நகரத் தெருவிலே நின்றுகொண்டு, ஒரு கிலோவுக்கு மேல் எடையுள்ள கருவியைக் காதிலே வைத்துப் பேசினார் மார்ட்டின் கூப்பர் என்னும் பொறியாளர். கையிலே எடுத்துச் செல்லும் செல்போனின் முதல் அழைப்பு அதுதான். இந்தியாவிலே 1995 சூலை 31 அன்று, கல்கத்தாவிலிருந்து மேற்கு வங்க முதல்வர் ஜோதிபாசு தில்லியிலிருந்த மத்திய அமைச்சர் சுக்ராமிடம் பேசினார். அன்று, நிமிடத்துக்கு எட்டு ரூபாய்க்கு மேல் கட்டணம். நாம் அழைத்தாலும் காசு. நம்மை எவரேனும் அழைத்தாலும் காசு! வரும் அழைப்புக்குக் கட்டணம் இல்லை என்னும் நிலை 2003-இலேதான் பிறந்தது. அதன் பிறகே செல்வர் கையிலிருந்த கருவி சித்தாள் கைக்கும், மீனவர் கைக்கும், தள்ளுவண்டித் தோழர் கைக்கும் வந்து சேர்ந்தது.

வந்ததால் நன்மை உண்டா? உண்டு. இல்லை என்போர் கண்ணை மூடிக்கொண்டு பேசுகிறார்கள். வடகேரளக் கடற்கரையிலே நடந்தது ஒன்றைச் சொல்வோம். 1997 சனவரி மாதத்துக் காலை ஒன்றிலே, வடகரை என்னும் ஊரிலே பதினொரு படகுகளின் மத்தி மீனை வாங்க ஆளில்லை. பிடித்த மீனை வீசி எறிவதைத் தவிர வழியில்லை. அதே வேளையில், பதினைந்து கிலோமீட்டருக்குள் இருந்த வேறு துறைகளிலே 27 வணிகர்கள் மீன் கிடைக்காமல் திரும்பவிருந்தனர்! இங்கே மீன் இருக்கிறது, அங்கே காசு இருக்கிறது. இடையிலே ஒரு சொல் இல்லை. அவ்வாண்டு தொடங்கி அப்பகுதியிலே செல்போன் சேவை பரவிற்று. கரைக்கு வருமுன்பே, கடலிலிருந்தபடியே விலை கேட்டான் மீனவன். ராபர்ட் ஜென்சன் என்னும் பொருளியல் அறிஞர் இதனை ஆராய்ந்து 2007-இலே வெளியிட்டார். மீன் வீணாவது ஏறத்தாழ நின்றது. மீனவர் ஆதாயம் சராசரியாக நூற்றுக்கு 8 கூடிற்று. உண்பார் கொடுக்கும் விலையும் நூற்றுக்கு 4 குறைந்தது. ஆதாயம் கூடினால் விலையும் கூடவேண்டும் என்பது வணிக வழக்கம். இங்கோ, இருவரும் பயன் பெற்றனர். காரணம், அறியாமை குறைந்தது. அவ்வளவே!

கென்யா நாட்டிலே 2007-இலே தொடங்கிய 'எம்-பெசா' என்னும் கைப்பேசிப் பணமுறையும் அப்படித்தான். வங்கியின் படியை மிதித்தறியாத ஏழைகளுக்குப் பணத்தைச் சேர்க்கவும் அனுப்பவும் அது வழி திறந்தது. ஏறத்தாழ 1,94,000 குடும்பங்களை, அதாவது அந்நாட்டுக் குடும்பங்களிலே நூற்றுக்கு இரண்டினை, அது வறுமையிலிருந்து மீட்டது என்று தவ்நீத் சூரியும் வில்லியம் ஜாக்கும் 2016-இலே கணக்கிட்டுக் காட்டினர். பெண்கள் தலைமை தாங்கிய குடும்பங்களே மிகுதியாகப் பயன்பெற்றன என்பதும் அவர்கள் கண்ட முடிவு.

எனவே, கைப்பேசியைக் கண்டதும் 'கலி முற்றிவிட்டது' என்று கன்னத்திலே போட்டுக்கொள்வோர் கூட்டத்திலே நாம் இல்லை. ரயில் வந்தபோதும் அவர்கள் அதைத்தான் சொன்னார்கள். பெண்கள் பள்ளிக்கூடம் வந்தபோதும் அதைத்தான் சொன்னார்கள். அவர்கள் கோபம் எந்தக் கருவியின் மீதும் அன்று. அந்தக் கருவி யார் கைக்குப் போகிறது என்பதன் மீது!

* * *

இல்லையென்றால், உத்தரப்பிரதேசத்து பாக்பத் மாவட்டத்திலே, 2012-இலே, ஊர்ப் பஞ்சாயத்து ஒன்று கூடி, நாற்பது வயதுக்குட்பட்ட பெண்கள் வீதியிலே கைப்பேசியிலே பேசக்கூடாது என்று ஏன் தீர்மானம் போடவேண்டும்? அதே மூச்சிலே, காதல் மணமும் கூடாது என்று ஏன் விதிக்கவேண்டும்? குசராத்து மாநிலத்து மெக்சானா மாவட்டச் சிற்றூர் ஒன்று, 2016-இலே, மணமாகாத பெண்கள் கைப்பேசி வைத்திருந்தால் 2,100 ரூபாய் தண்டம் என்று ஏன் அறிவிக்கவேண்டும்? ஆண்பிள்ளைகளுக்கு மட்டும் அந்தக் கருவியிலே தேன் ஒழுகுகிறதா? சாதி கடந்து ஒரு சொல் போய்விடுமோ என்னும் அச்சம், பண்பாட்டுப் போர்வை போர்த்திக்கொண்டு பேசுகிறது.

வடக்கே நடந்ததைச் சொல்லிவிட்டு நாம் வாளா இருந்துவிடக்கூடாது. 2019-21 தேசியக் குடும்பநல ஆய்வு சொல்கிறது: இந்தியப் பெண்களிலே, தாமே பயன்படுத்தும் கைப்பேசி உடையோர் நூற்றுக்கு 54 பேர். தமிழ்நாட்டிலே நூற்றுக்கு 75-ஐ ஒட்டி வருகிறோம். மகிழ்ச்சி! ஆனால் எஞ்சிய நால்வரிலே ஒருத்தி? இணையத்தைப் பயன்படுத்தியோர் நாடு முழுவதிலும் ஆண்களிலே நூற்றுக்கு 57, பெண்களிலே 33. சட்டைப்பைக் கருவி என்றார் பெரியார். சட்டைப்பை வைத்துத் தைக்கப்பட்டதே ஆணின் உடைதானே என்று இந்த எண்கள் நம்மைக் கேலி செய்கின்றன.

நாம் ஆசிரியப் பணியிலே இருப்பதால் கண்ணாரக் கண்ட ஒன்றை இங்கே சொல்லவேண்டியிருக்கிறது. பெற்றோர் கூட்டத்திலே தந்தை ஒருவர் எழுந்து, "பொம்பளப் புள்ள கையில போன் எதுக்கு சார்? கெட்டுப் போறதுக்கா?" என்றார். அவர் மகன் வெளியே வேப்பமரத்தடியிலே அமர்ந்து, கைப்பேசியிலே சுட்டு வீழ்த்தும் விளையாட்டு ஆடிக்கொண்டிருந்தான். பன்னிரண்டாம் வகுப்பிலே தேறிய அந்த மகள், அரசு கலைக் கல்லூரிக்கு விண்ணப்பிக்கக் கணினி மையத்துக்குச் சென்றாள். விண்ணப்பம் முழுமை பெற ஓ.டி.பி. எண் வேண்டும்; எண் வருவதோ அண்ணனின் கைப்பேசிக்கு. அண்ணன் பந்தயம் காணப் பக்கத்து ஊருக்குப் போயிருந்தான். இறுதி நாள் அது. மாலை வரை மையத்தின் வாயிற்படியிலே அமர்ந்திருந்தாள் அவள். அவன் வந்தான், எண் வந்தது, விண்ணப்பமும் போயிற்று. "வராம இருந்திருந்தா என்ன பண்ணியிருப்பம்மா?" என்று கேட்டோம். "அடுத்த வருசம் பாத்துக்கலாம்னு சொல்லுவாங்க சார். அப்புறம் அடுத்த வருசம் கல்யாணம்னு சொல்லுவாங்க" என்றாள்.

ஆறு இலக்க எண் ஒன்று, ஒரு பெண்ணின் கல்லூரிக்கும் கல்யாணத்துக்கும் இடையிலே நின்றது. கைப்பேசி வளர்ச்சி தருமா என்று பட்டிமன்றம் நடத்தும் பெருமக்கள், அந்த வாயிற்படியிலே சற்று அமர்ந்துவிட்டு வந்து பேசட்டும்.

* * *

ஓரிடத்திலிருந்து பலருக்கும் கல்வி என்று பெரியார் கண்ட கனவையும் காலம் சோதித்துப் பார்த்தது. 2020-இலே கொரோனா நோய் பள்ளிகளைப் பூட்டிற்று. 'கைப்பேசியே இனிப் பள்ளி' என்றார்கள். 2021 ஆகத்தில் பதினைந்து மாநிலங்களிலும் ஒன்றியப் பகுதிகளிலும், எளிய மக்கள் வாழும் பகுதிகளிலே, ஏறத்தாழ 1,400 பிள்ளைகளின் வீடுகளை ஓர் ஆய்வுக்குழு சந்தித்தது. அவர்களிலே நாட்டுப்புறப் பிள்ளைகளில் இணையவழி ஒழுங்காகப் படித்தோர் நூற்றுக்கு 8 பேர். எதுவுமே படிக்காதிருந்தோர் நூற்றுக்கு 37 பேர். கருவி இல்லாத வீடு. கருவி இருந்தும் காசு போடாத வீடு. கருவியும் காசும் இருந்து, தந்தை வேலைக்கு எடுத்துச் சென்றுவிடும் வீடு! நூலிலே கண்ட உலகத்திலே, கருவி அனைவர்க்கும் பொது. நம் உலகத்திலே, கருவி வாங்குபவனுக்கு உரியது. கனவு பொய்க்கவில்லை, கனவின் பாதியை மட்டும் நாம் கடைக்குப் போய் வாங்கிவந்தோம்.

உழைப்பைப் பாருங்கள். இயந்திரம் வந்தால் ஓய்வு வரும் என்பது நூலின் மையக் கருத்து. இன்று என்ன காண்கிறோம்? வீடு வீடாக உணவு கொண்டு செல்லும் இளைஞன் கையிலே இருக்கும் கைப்பேசி, அவனுக்குத் தோழனா? எந்தத் தெருவுக்குப் போ என்று சொல்வதும் அதுவே; எத்தனை நிமிடத்திலே போ என்று விரட்டுவதும் அதுவே; மதிப்பெண் குறைந்தால் வேலையை நிறுத்துவதும் அதுவே. தேயிலைத் தோட்டத்துக் கங்காணி மாலையிலாவது வீட்டுக்குப் போவான். இந்தக் கங்காணி தலையணைக்கு அருகிலே படுத்திருக்கிறான்! அலுவலகத் தோழரின் நிலையும் வேறன்று. எட்டு மணி நேர வேலைக்காக உலகத் தொழிலாளர் சிந்திய குருதி, இரவு பத்து மணிக்கு மேலாளர் அனுப்பும் ஒரு வரிச் செய்தியிலே கரைந்து போகிறது.

எஞ்சிய ஓய்வையாவது நாம் ஆளுகிறோமா? இங்கே கருவியின் உட்பொறியைப் புரிந்துகொள்ளவேண்டும். காசில்லாமல் நமக்குக் கிடைக்கும் முகநூலும் காணொளியும் அறநிலையங்கள் அல்ல. அவை விளம்பரக்காரர்களுக்கு நம் பார்வையை விற்றுப் பிழைக்கும் வணிக நிலையங்கள். நாம் எவ்வளவு நேரம் கண்ணை எடுக்காமல் இருக்கிறோமோ, அவ்வளவு அவர்களுக்கு வருவாய். ஆகவேதான் சுருள் முடிவதே இல்லை. ஆகவேதான் சிவப்புப் புள்ளி அணைவதே இல்லை. நாற்சந்தியிலே மோடிவித்தைக்காரன் "பாம்புக்கும் கீரிக்கும் சண்டை விடப்போகிறேன்" என்று சொல்லிக்கொண்டே, விடாமலே, தாயத்து விற்பானே, அதே தொழில், கருவிதான் புதிது.

இதற்கும் சான்று உண்டு. அமெரிக்காவிலே 2018 தேர்தலை ஒட்டி, ஏறத்தாழ 2,700 பேரை வைத்து, அவர்களிலே ஒரு பகுதியினரை நான்கு வாரங்கள் முகநூலை விட்டு விலகியிருக்கச் செய்து, பொருளியலார் சிலர் ஆராய்ந்தனர். 2020-இலே முடிவு வெளிவந்தது. விலகியோருக்கு நாளொன்றுக்கு ஏறத்தாழ ஒரு மணி நேரம் மிஞ்சிற்று. குடும்பத்தோடும் நண்பரோடும் கூடியிருந்தனர். மனநிறைவு சிறிதளவு உயர்ந்தது. ஆனால் நாட்டுச் செய்திகளைப் பற்றிய அவர்கள் அறிவு குறைந்தது. நன்மையும் தீமையும் இரண்டுமே உண்மை. இரண்டையும் சொல்வதே பகுத்தறிவு. மன அமைதி கிடைத்தது என்பதை மட்டும் சொல்வோன் சாமியார். செய்தி குறைந்தது என்பதை மட்டும் சொல்வோன் வணிகன். நாம் கணக்குப் பார்ப்போம். ஒரு மணி நேரத்தைக் கொடுத்து அரைகுறைச் செய்தியை வாங்குகிறோம். அந்த ஒரு மணி நேரத்திலே ஒரு நாளேட்டை முழுதாகப் படித்துவிட்டு, மாலையிலே நண்பரோடு நடந்தும் வரலாமே!

* * *

இனி, நெஞ்சைச் சுடும் பகுதிக்கு வருகிறோம். அறிவியல் வளர வளர மூடநம்பிக்கை தானே உதிரும் என்னும் நம்பிக்கையே 'இனி வரும் உலகம்' நூலிலே மேலோங்கி நிற்கிறது. நூலைத் திறனாயும்போது, நமக்குக் கருத்து வேறுபாடு தோன்றும் இடம் இது ஒன்றே. உதிரவில்லை; மூடநம்பிக்கையும் சட்டைப்பைக்குள் ஏறி அமர்ந்துகொண்டது. முன்பெல்லாம் அஞ்சலட்டை ஒன்று வரும்: 'இதைப் பத்துப் பேருக்கு எழுது, செல்வம் வரும், எழுதாவிட்டால் இரத்தம் கக்குவாய்!' எழுதக் கைவலிக்கும். அட்டைக்குக் காசு ஆகும். ஆதலால் பாதியிலே நின்றுவிடும். இன்றோ கைவலி இல்லை, காசு இல்லை. கட்டைவிரலை ஒருமுறை அழுத்தினால் போதும். பஞ்சாங்கமும் சோதிடமும் செயலிகளாகி, எமகண்டத்தை மணியடித்துச் சொல்கின்றன. கைப்பேசிக் கோபுரத்தின் வழியே வந்து சேருகிறது, இராகுகாலம்!

சிரித்துவிட்டுப் போகலாம், அத்தோடு நின்றிருந்தால். நிற்கவில்லை. 2018 மே மாதத்திலே, குலதெய்வக் கோயிலைத் தேடிச் சென்னையிலிருந்து திருவண்ணாமலை மாவட்டத்துச் சிற்றூருக்கு உறவினரோடு வந்த 65 வயது மூதாட்டி, வழியிலே கண்ட பிள்ளைகளுக்கு இனிப்புக் கொடுத்தார். பிள்ளை பிடிப்போர் ஊருக்குள் புகுந்துவிட்டார்கள் என்னும் வாட்ஸ்ஆப் வதந்தி அவருக்கு முன்பே அவ்வூருக்கு வந்து காத்திருந்தது. கூடினர், அடித்தனர், கொன்றனர். அதே ஆண்டு சூலை 1 அன்று, மராட்டிய மாநிலத்துத் துலே மாவட்டத்திலே நாடோடிச் சமூகத்தைச் சேர்ந்த ஐவர், அதே வதந்தியால் அடித்தே கொல்லப்பட்டனர். அதன் பின்னரே, ஒரே நேரத்திலே ஐந்து பேருக்கு மேல் ஒரு செய்தியைத் தள்ளிவிட முடியாதபடி இந்தியாவிலே கட்டுப்பாடு வந்தது. ஐந்து பேருக்கு அனுப்பும் பொய், அவர்கள் ஒவ்வொருவரும் ஐந்து பேருக்கு அனுப்பினால், எத்தனை படியிலே ஓர் ஊரைச் சூழும் என்பதை எட்டாம் வகுப்பு மாணவனே சொல்லிவிடுவான்.

கொன்றவர் கையிலே இருந்தது, மனித அறிவு கண்ட மேலான கருவிகளிலே ஒன்று. ஆனால் கையை இயக்கியது, 'யார் சொன்னது? எப்படித் தெரியும்?' என்று கேட்கப் பழகாத மனம்.

* * *

'அவர்கள் மூடர், நாம் பகுத்தறிவாளர்' என்று தோழர்கள் இந்த இடத்திலே நிமிர்ந்து அமர்வார்கள். சற்றுப் பொறுங்கள். நம் குற்றம் ஒன்றையும் ஒப்புக்கொண்டாகவேண்டும்.

மாற்றுக் கொள்கைத் தலைவர் ஒருவர், பிற்படுத்தப்பட்டோரை இழித்துப் பேசியதாக ஒரு பொன்மொழி, படத்தோடு நமக்கு வந்தது. சினம் பொங்கிற்று. உடனே அனுப்பினோம், மூன்று குழுக்களுக்கு. அக்குழு ஒன்றிலே நம் பழைய மாணவன் இருந்தான். "எந்த ஊர்க் கூட்டத்தில் பேசினார் சார்? எந்த நாள் ஏட்டில் வந்தது?" என்று கேட்டான். தேடினோம். ஓர் இரவு முழுவதும் தேடினோம். எங்கும் இல்லை. அவர் பேசாத ஒன்றை, அவர் பேசினார் என்று நாம் பரப்பியிருக்கிறோம்! வகுப்பிலே அவனுக்கு 'ஏன் என்று கேள்' என்று கற்பித்தவர் நாம். அவன் கற்றுக்கொண்டான், கற்பித்தவர் மறந்துவிட்டோம். மறுநாள் அதே மூன்று குழுக்களிலும் தவற்றை ஒப்புக்கொண்டு எழுதினோம். வெட்கமாகத்தான் இருந்தது. ஆனால் அந்த ஆண்டிலே கைப்பேசியால் நமக்குக் கிடைத்த ஒரே வளர்ச்சி அந்த வெட்கம்தான் என்று தயங்காமல் சொல்வோம்.

பெரியார் பெயராலும் அண்ணா பெயராலும் அவர்கள் சொல்லாத மொழிகள் எத்தனை உலவுகின்றன! அன்போடுதான் அனுப்புகிறார்கள் தோழர்கள். ஆனால், பொய்யான பொன்மொழியை நம் தலைவர் தலையிலே சூட்டுவதற்கும், கல்லுக்குக் கிரீடம் சூட்டுவதற்கும் வேறுபாடு என்ன? 'நான் சொல்வதையும் உன் அறிவைக் கொண்டு ஆராய்ந்து பார். சரியெனப் பட்டால் ஏற்றுக்கொள்' என்பதே பெரியார் மேடைதோறும் வற்புறுத்திய கருத்து. அவர் படத்தைப் போட்டு வந்துவிட்டால் ஆராயவேண்டியதில்லை என்று நாம் ஆக்கிவிட்டால், இயக்கம் எதற்கு?

நம் இயக்கம் வளர்ந்த வழியை நினைத்துப் பாருங்கள். படிப்பகங்களிலே, முடிதிருத்தும் நிலையங்களிலே, தேநீர்க் கடைகளிலே, ஓர் ஏடு வரும். எழுத்தறிந்த ஒருவர் உரக்கப் படிப்பார். பத்துப் பேர் கேட்பார்கள். படித்து முடிந்ததும் ஒருவர் மறுப்பார், இன்னொருவர் விளக்குவார், மூன்றாமவர் 'நாளைக்குப் புத்தகம் கொண்டுவருகிறேன்' என்பார். ஏடு ஒன்று, மூளை பத்து. இன்றோ, பத்துப் பேர் கையிலே பத்து ஏடுகள். மறுக்க எதிரே ஆளில்லை. நமக்குப் பிடித்ததையே நமக்கு ஊட்டும் கருவி, நாம் அறிவாளி என்னும் மயக்கத்தையும் சேர்த்தே ஊட்டுகிறது. செய்தி பெருகுவது வேறு. அறிவு வளர்வது வேறு. கன்னிமாரா நூலகத்தின் நூல்களை அறிஞர் அண்ணா ஆர்வத்தோடு பயின்றார் என்று பெருமையோடு சொல்கிறோமே, அங்கே அவர் பெற்றது தகவல் மட்டுமா? ஒரு நூலோடு மணிக்கணக்கிலே தனித்திருந்து வாதாடும் ஆற்றல் அல்லவா?

* * *

எனவே, கைப்பேசி வாழ்வை உயர்த்துகிறதா என்னும் வினாவுக்கு 'ஆம்' என்றும் 'இல்லை' என்றும் ஒற்றைச் சொல்லிலே விடை கூற மறுக்கிறோம். வடகரை மீனவனுக்கு ஆம். கென்ய நாட்டு ஏழைத் தாய்க்கு ஆம். வாயிற்படியிலே காத்திருந்த மாணவிக்கு, அவள் கைக்கே அது வரும் நாளிலே, ஆம். அவர்கள் எல்லோருக்கும் ஒன்று பொது: தங்களுக்கு வேண்டியது இன்னது என்று அறிந்து, கருவியிடம் கேட்டார்கள், கேட்டதைப் பெற்றார்கள். நமக்கு என்ன வேண்டும் என்று கருவி முடிவு செய்யும் இடத்திலே, விடை இல்லை என்பதே.

தோழர்களே, செய்யவேண்டியவை பெரிய காரியங்கள் அல்ல. உங்கள் வீட்டிலே தங்கை கையிலே கைப்பேசி இருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால், மாநாட்டுக்குச் செல்லுமுன் அதை வாங்கிக் கொடுங்கள், அவள் பெயரிலே, அவள் எண்ணிலே. மேலாளர் இரவிலே அனுப்பும் கட்டளைக்கு விடையிறுக்காத உரிமையைத் தொழிற்சங்கத்திலே பேசுங்கள். மூடிக்கிடக்கும் படிப்பகத்தின் கதவைத் திறந்து, வாரம் ஒரு நாள், கைப்பேசியிலே வந்த செய்தி ஒன்றை நடுவிலே வைத்து, 'யார் சொன்னது? எங்கே சொன்னார்? எப்படித் தெரியும்?' என்று பத்துப் பேர் கூடி அலசுங்கள். அலசித் தேறாததை, நம் பக்கத்துக்கு இனிப்பாக இருந்தாலும், அனுப்பாதீர்கள்.

அடுத்த செப்டம்பர் 17-இலே 'அன்றே சொன்னார் அய்யா' என்னும் செய்தி மறுபடியும் வரும். அனுப்புமுன் அந்தச் சிறு நூலை எடுத்து, முழுதும் ஒருமுறை படித்துவிடுவோம். கருவியைப் பற்றி அவர் சொன்னது நிறைவேறிவிட்டது. அதைச் செய்தவர்கள் பொறியாளர்கள். உலகத்தைப் பற்றி அவர் சொன்னது நிறைவேறவில்லை. அதைச் செய்யவேண்டியவர்கள் நாம்.